அச்சாணியும் ஆயுளும்

தொழிற்சாலையில் ஒருவர் இறந்துபோனால் அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பேச்சுகள் என் காதுக்கு வந்துவிடும். பிணவறை வாசலில், "அவன் விதி அவ்வளவுதானுங்க டாக்டரம்மா" என்பார்கள். நிர்வாக அறையில், "அவனோட கவனக்குறைவுதான் டாக்டர்" என்பார்கள். முதலாவதைச் சொல்பவர் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். இரண்டாவதைச் சொல்பவரின் மேசைமேல் இன்னும் நிரப்பாத விபத்து அறிக்கைப் படிவம் கிடக்கும். கோவை வட்டாரத்துப் பவுண்டரிகளிலும் பிரஸ் ஷாப்புகளிலும் மருத்துவ அதிகாரியாக இருந்து பழகிய எனக்கு இரண்டும் ஒரே காரியத்தைச் செய்வதாகத்தான் படுகிறது. "ஏன்?" என்று அடுத்த கேள்வி வராமல் இரண்டும் கதவைச் சாத்திவிடுகின்றன.

நான் தெய்வ நம்பிக்கை உள்ளவள். மருதமலைப் படிகளை நடந்தே ஏறுகிறவள். ஊழ் என்று ஒன்று உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனாலும் தொழில்நலத் துறையில் இருக்கும் எவரும் ஒரு கேள்விக்கு மனசுக்குள்ளாவது பதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காப்பு கழற்றப்பட்ட எந்திரத்தின் முன்னால் நடந்த சாவை விதி என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

இது பழைய கேள்வி. எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று சொன்ன ஆசீவகர்கள் நம் மண்ணிலும் இருந்தார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் ஆசீவகரும் தம் தரப்பைச் சொல்கிறார். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், முப்பத்தெட்டாவது. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், அறுபத்திரண்டாவது. இரண்டையும் படித்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நம் வசதி.

எனக்கு அதிகம் உதவியவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்வினையால் வருபவை என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மோளிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் கேட்கிறான். புத்தர் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், தாறுமாறான பேணுதல், வெளியிலிருந்து வரும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எட்டில் ஒன்று, அதுவும் கடைசி. எல்லாவற்றையும் எட்டாவதன்மேல் போடுகிறவர்கள் தாங்களே பட்டு அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்ட உண்மையையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. வினைக் கோட்பாட்டை ஏற்ற ஒருவரே இதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று சரக சம்ஹிதை. அதன் விமான ஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயம் ஊரையே காலி செய்யும் கொள்ளைநோய்களைப் பற்றியது. அங்கே அக்னிவேசர் தம் ஆசான் ஆத்ரேயரிடம் கேட்கிறார்: ஆயுள் எல்லோருக்கும் முன்பே அளந்து வைக்கப்பட்டதா? ஆசான் நேரடியாக மறுக்கிறார். அளந்து வைத்ததுதான் என்றால் மருந்து எதற்கு? மதம் பிடித்த யானையையும் பாம்பையும் கண்டு ஒதுங்குவது எதற்கு? முன்வினையும் உண்டு, இப்போதைய முயற்சியும் உண்டு, வலுவானது மற்றதை வெல்லும் என்கிறார். அப்படியானால் உரிய காலத்துச் சாவு எது, அகாலச் சாவு எது என்று மாணவர் விடாமல் கேட்க, ஆசான் வண்டியின் அச்சைக் காட்டுகிறார். நல்ல மரத்தில் செய்து ஒழுங்காக ஓட்டிய வண்டியின் அச்சு தன் காலம் முடிந்து தேய்ந்து போகும்; அது உரிய சாவு. அதே அச்சு பாதி வழியில் முறிவதும் உண்டு. பாரம் அதிகமாக ஏற்றியதால், மேடுபள்ளப் பாதையில் அல்லது பாதையே இல்லாத இடத்தில் ஓட்டியதால், சக்கரம் உடைந்ததால், இழுக்கும் மாடு அல்லது ஓட்டுகிறவன் செய்த பிழையால், கடையாணி கழன்றதால், மசகு போடாததால், வண்டி குடை சாய்ந்ததால். மனித உடலும் அப்படித்தான் என்கிறார்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஓட்டுகிறவனின் பிழை அதில் இருக்கிறது. ஆனால் அது பலவற்றுள் ஒன்று. மற்றவையெல்லாம் பாரம், பாதை, பராமரிப்பு. விபத்து விசாரணைக்கு இதைவிட நல்ல படிவத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒரு பிரஸ் ஷாப்பில் இளைஞன் ஒருவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. அந்தப் பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் ரேம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது விரல் டைக்கு அடியில் இருக்க முடியாது; அதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். விபத்து நடந்த எந்திரத்தில் ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. "பாருங்க டாக்டர், இவனுங்களே இப்படிப் பண்ணிக்கறானுங்க" என்றார் சூப்பர்வைசர். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது.

டேப் புதிதல்ல. ஓரங்கள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. ஆக, அது அவன் சிப்டில் சுற்றியதல்ல. அந்த எந்திரத்தைக் கடந்துதான் சூப்பர்வைசர் தினமும் தேநீர் குடிக்கப் போகிறார். ஏன் ஒரு பட்டனைக் கட்டினார்கள்? புதிய டையில் பீஸ் சிக்கிக்கொள்கிறது. ஒரு கையால் அதைத் தட்டி எடுத்தால்தான் மணிக்கு இத்தனை என்ற கணக்கு வரும். ஏன் சிக்குகிறது? பீஸை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் முறிந்திருக்கிறது. ஏன் மாற்றவில்லை? கேட்டு எழுதிய தாள் பர்ச்சேஸில் கிடக்கிறது. எடுப்பதற்குக் குறடாவது கொடுத்தார்களா? இல்லை. அவன் அன்று முதல் சிப்ட் முடித்து, ஆள் வராததால் இரண்டாவது சிப்டையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாரம், பாதை, மசகு, கடையாணி எல்லாமே அங்கே இருந்தன. படிவம் மட்டும் ஓட்டுகிறவனோடு நின்றுவிட்டது.

கவனக்குறைவு என்ற இந்தப் பதிலுக்கு அறிவியல் சாயமும் உண்டு. 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி தொழில் விபத்துத் தடுப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 சதவீதம் எந்திரம் முதலிய சூழலால், 2 சதவீதம் தடுக்க முடியாதவை என்றார். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளை ஒட்டி நடக்கும் வகுப்புகளில் இன்றும் இந்த 88 வந்துவிடுகிறது. ஆனால் எண் எங்கிருந்து வந்தது? காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை உரிமையாளர்களின் பதிவேடுகளுமாக 75,000 விபத்துப் பதிவுகளிலிருந்து. சூப்பர்வைசர்கள் எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர்களின் எண்ணம்தானே விடையாக வரும்? மூலக் கோப்புகளைத் தேடிய பிற்கால ஆய்வாளர்களுக்கு அவை கிடைக்கவும் இல்லை. ஹைன்ரிக் கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் அல்லர். ஆனால் அவர் எண்ணைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பழைய வினைக் கோட்பாட்டையே சாமி படம் இல்லாமல் திருப்பிச் சொல்கிறார்கள்: பட்டவன் செய்தான், பட்டான்.

விரல் போவதாவது கண்ணுக்குத் தெரியும். நுரையீரல் போவது தெரியாது. விதியென்ற நினைப்பு அங்கேதான் ஆழமாக வேர்விடுகிறது. பவுண்டரியில் வார்ப்பின் ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பெட்லிங் பகுதியில் நின்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மணல் தும்மலோடு போய்விடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்து ஆண்டு, அதற்கும் மேல் கழித்துத்தான் மூச்சிரைப்பாக வெளியே வரும். அதற்குள் அவர் அந்த வேலையை விட்டிருப்பார், கான்ட்ராக்டர் மாறியிருப்பார், சொந்த ஊருக்கே திரும்பியிருப்பார். அங்கே காசநோய் என்று மாத்திரை கொடுப்பார்கள். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும் என்பதால் அந்தக் குழப்பம் இன்னும் கூடும். விதைத்தவன் மறந்த பிறகு விளைவு வருகிறது. அதனால் முற்பிறவிப் பலன் என்று மனம் போய்விடுகிறது. காரணம் முற்பிறவியில் இல்லை, அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். இத்தாலியில் மோதெனா நகரத்து மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் சொல்லிவைத்த கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்தார்: நீ என்ன வேலை செய்கிறாய்? அந்த நூலுக்குத் தூண்டுதல் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தொழிலாளி. அவன் பரபரவென்று வேலை செய்வதைக் கண்டு ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றான். எங்கள் துறை பிறந்தது அப்படி, ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் நின்று கேட்டதில்.

முந்நூறு ஆண்டுகள் கழித்தும் மலக்குழியிலும் கழிவுத் தொட்டியிலும் நம் ஆட்கள் இறங்கிச் சாகிறார்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் படுத்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் விழுகிறார். தூக்கப் போன தம்பி விழுகிறான். அவனைத் தூக்கப் போன மச்சான் விழுகிறான். ஒரே வீட்டில் மூன்று பேர் என்றதும் ஊர் முழுக்க விதி என்று பேசும். வாயு அளக்கும் கருவி, மேலிருந்து இழுக்கும் கயிறு, உள்ளே காற்றைத் தள்ளும் புளோயர் என எதுவும் அங்கே இருந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளே இறங்க வேண்டியிராத உறிஞ்சு எந்திரம் இருந்திருக்காது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குழிக்குள் யார் இறங்குவது என்பதை நம் நாட்டில் பிறப்பு முடிவு செய்துவைத்திருக்கிறது. போன பிறவியின் வினைதான் இந்தப் பிறப்பு என்று சொல்லி அதற்குச் சமயத்தின் பெயரையும் பூசியிருக்கிறோம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பத்திரிகைகளில் சாவுச் செய்தி நிற்கவில்லை. ஒரு மனிதனைப் பிறப்பைக் காரணம் காட்டி நஞ்சுக் குழிக்குள் இறக்கிவிட்டு, அவன் செத்தால் அதையும் அவன் வினை என்பது என் நம்பிக்கைப்படி பாவம். வேறு மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றம் இந்தக் கேள்வியை வேறொரு வழியிலும் தொட்டிருக்கிறது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் அமைப்பும் காக்கும் நிலையில் இல்லை. யூனியன் கார்பைடு என்ன சொன்னது? மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளியின் சதி என்றது. அங்கும் ஓட்டுகிறவன்தான். மறுவருடம் டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில்தான் 1986 டிசம்பரில் நீதியரசர் பகவதி தலைமையிலான அமர்வு முழுப்பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பார்க்கிறவர் அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு. எந்த விதிவிலக்கும் கிடையாது. 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றின் வழி வந்த பழைய நெறியில் 'கடவுளின் செயல்' என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அந்த வழியை நம் உச்ச நீதிமன்றம் அடைத்தது. இதில் எனக்கு ஒரு பக்தி தெரிகிறது. மனிதன் செய்த பிழையைக் கடவுள்மேல் போடக்கூடாது என்பதைவிடக் கடவுளுக்கு நாம் செய்யும் மரியாதை வேறென்ன?

தொழிலாளிகளே விதியை நம்புகிறார்களே என்று கேட்பார்கள். நம்புகிறார்கள்தான். "நேரம் வந்தா கட்டில்ல படுத்திருந்தாலும் போயிரும் டாக்டரம்மா" என்று உலையடியில் நிற்பவர் சொல்வார். பீகாரிலிருந்து வந்த பையன் அதையே கிஸ்மத் என்பான். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. அவர்களுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. இந்த எந்திரத்தில் நிற்க மாட்டேன் என்றால் நாளை கான்ட்ராக்டர் கூப்பிட மாட்டார். ஆபத்தை மாற்றவும் முடியாது, விட்டு விலகவும் முடியாது என்றால் தினமும் அதன் முன்னால் போய் நிற்க ஒரு தைரியம் வேண்டுமே. விதி அந்தத் தைரியத்தைக் கொடுக்கிறது. நிறுத்தும் உரிமையைக் கொடுத்துப் பார்த்த இடங்களில் அதே ஆட்கள் முதல் ஆளாக வந்து "இந்த பெல்ட்டுக்கு கார்டு இல்லீங்க" என்று சொல்வதைக் கண்டிருக்கிறேன். முதலாளி தம் காரில் ஏர்பேக் பார்த்துத்தான் வாங்குகிறார், பேரனுக்கு சீட் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்க விடுவதில்லை. தன் வீட்டுக்கு ஒரு தத்துவமும் ஷாப் ஃப்ளோருக்கு ஒரு தத்துவமும் வைத்துக்கொள்ள முடியாது.

பெற்ற தாய் சொல்லும் விதியை மட்டும் நான் தொடுவதே இல்லை. "தலைவலின்னு சொன்னானே, நான்தானே வேலைக்கு அனுப்பிவெச்சேன்" என்று தன்னையே அறுத்துக்கொள்ளும் ஒருத்திக்கு அந்த நேரத்தில் வேறு பிடிமானம் இல்லை. அதைப் பிடுங்க மருத்துவப் படிப்பு எனக்கு உரிமை தரவில்லை. ஆனால் அந்த ஆறுதலைப் பயன்படுத்திக்கொண்டு அன்றே ஒரு தாளை நீட்டுகிறவர்கள் உண்டு. "நடந்தது நடந்துபோச்சும்மா, இதை வெச்சுக்குங்க, இங்க ஒரு கையெழுத்து" என்பார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே சொல்லியிருந்தது: இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேராகக் கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்காகாது. சாவு என்று வந்துவிட்டால் தொழிலாளியின் தவறைக் காட்டியும் பணத்தை மறுக்க முடியாது என்றும் அதே சட்டம் சொன்னது. இஎஸ்ஐ-யில் இருந்தவர் என்றால் சார்ந்திருந்தவர்களுக்கு அவருடைய சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாக வரும். அழுகை ஓய்ந்த பிறகு, யாராவது ஒரு மாமனையோ சித்தப்பாவையோ தனியே அழைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

என் துறையில் இருக்கிறவர்களிடம், ஆலை மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் பாதுகாப்பு அலுவலர்களிடமும், கேட்பது இதுதான். விபத்து என்றதும் தரையைக் கழுவிவிடுவதற்கு முன்னால் அங்கே போய் நில்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். கூட நின்ற ஆட்களிடம் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் பேசுங்கள். சிப்ட் பட்டியலையும் பராமரிப்பு நோட்டையும் கேட்டு வாங்குங்கள். யார் என்ற கேள்வியோடு நிற்காமல், ஏன் என்று அதற்கடுத்த ஏனையும் கேளுங்கள். ஆபத்தையே நீக்க முடியுமா, குறைந்த ஆபத்துள்ள ஒன்றை வைத்து மாற்ற முடியுமா, அடைத்து மூட முடியுமா என்று பார்த்த பிறகுதான் முகக்கவசமும் கையுறையும். சிலிகோசிஸ், ஈய நச்சு போன்ற நோய்களைக் கண்டால் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிப்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மருத்துவரின் கடமையாகவே ஆக்கியது. சம்பளம் தருகிறவர் முகம் சுளிப்பார் என்று அதைச் செய்யாமல் விடாதீர்கள்.

முதலாளிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். விபத்துக்கு மறுநாள் திருஷ்டி கழியப் பூசணிக்காய் உடைக்கிறீர்கள், கணபதி ஹோமம் செய்கிறீர்கள். செய்யுங்கள்; நானும் வந்து கும்பிடுகிறேன். ஆனால் எந்திரத்தை அதே நிலையில் திரும்ப ஓட விடாதீர்கள். வருடத்தில் ஒருநாள், ஆயுத பூஜையன்று, எல்லா எந்திரமும் நின்று துடைக்கப்பட்டு மாலையோடு நிற்கும். அன்று சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கும்போது காப்பு இருக்கிறதா, இரண்டு பட்டனும் வேலை செய்கிறதா, நிறுத்தும் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். காப்பில்லாத எந்திரத்துக்குப் பொட்டு வைக்காதீர்கள். மறுநாள் அதன் முன்னால் யாரையும் நிற்கவும் வைக்காதீர்கள்.